மூட்டை மாற்றச் சொல்கிறார்கள்… மாற்றிக்கொள்ளலாமா?

வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மூட்டு மருத்துவர்களின் பதில்கள்

கும்பகோணம் வாசகி: எனக்கு வயது 63. ஆறு வருடமாக வலது முழங்காலில் வலி. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "நாலாவது கிரேடு, எலும்போடு எலும்பு உரசுகிறது, உடனே மாற்றிவிடுங்கள்" என்கிறார். ஆனால் நான் காய்கறி வாங்க நடந்துதான் போகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுவேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வலி மாத்திரை. தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை. கிரேடு என்பது படத்தில் தெரியும் தேய்மானத்துக்கு 0 முதல் 4 வரை போடும் மார்க். 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தது. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அந்த மார்க்குக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. நாலாவது கிரேடோடு கோயில் பிரகாரம் சுற்றி வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது கிரேடில் கால் ஊன்ற முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினருக்கு வலி இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகு நரம்பிலிருந்தோ வருகிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். படத்தில் தேய்மானம் குறைவாக இருக்கும்போது மூட்டை மாற்றிக்கொண்டவர்களிடம்தான் "ஆபரேஷன் பண்ணியும் வலி போகலையே" என்ற புலம்பல் அதிகம். பொதுவாகவே முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓரளவு வலி மிஞ்சிவிடுகிறது. முடிவெடுக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுத்தார்களா என்றும் பாருங்கள். படுக்க வைத்து எடுத்தால் உடம்பின் பாரம் மூட்டில் விழாது. இடைவெளி இருப்பதைப் போலக் காட்டிவிடும். நின்றபடி எடுத்த படம் இருந்தால் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது.

ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டதா என்பதை உங்கள் அன்றாடத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறதா? நடை தெருமுனையோடு நின்றுபோகிறதா? தினமும் மாத்திரை போட்டால்தான் அடுப்படியில் நிற்க முடிகிறதா? கல்யாணம், கோயில் என்று போவதை எல்லாம் காலுக்காக நிறுத்திவிட்டீர்களா? பிசியோதெரபி, எடைக் குறைப்பு, மாத்திரை எல்லாவற்றையும் ஒழுங்காக மூன்று நான்கு மாதம் செய்த பிறகும் இவற்றுக்கு "ஆமாம்" என்றுதான் பதில் வருகிறது என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

தள்ளிப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது உண்மைதான். கால் வில்லாக வளைவது மாதத்துக்கு மாதம் கூடுகிறது, மல்லாந்து படுத்தால் முழங்காலின் பின்பக்கம் மெத்தையைத் தொடாமல் மடங்கியே நிற்கிறது, நடக்கும்போது மூட்டு பக்கவாட்டில் ஆடுகிறது, தொடைச் சதை கண்ணுக்குத் தெரிந்து சூம்பிவிட்டது: இந்த நான்கில் ஒன்று வந்தாலும் காத்திருப்பதில் லாபமில்லை. வளைந்து இறுகிய மூட்டில் ஆபரேஷன் சிக்கலாகும், தேறுவதும் தாமதமாகும். ஆனால் "செய்யவே முடியாது" என்ற நிலை அரிது.

அதுவரை செய்ய வேண்டியதில் முக்கியமானது தொடையின் முன்சதையைப் பலப்படுத்துவது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டி, 10 எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். வேளைக்கு 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. சுலபமாகிவிட்டால் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைத்தடியை நம் ஊரில் பாதிப் பேர் தப்பான கையில் பிடிக்கிறார்கள். வலது கால் வலிக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். தடியும் வலது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் தடியின் உயரம்.

ஈரோடு வாசகர்: மூட்டில் ஜெல் ஊசி போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்களே? என் அம்மா கூரியரில் வரவழைத்த ஒரு மூலிகை மாத்திரையைச் சாப்பிட்டார். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. தொடரலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். பல வருட மூட்டு வலி இரண்டு நாளில் பறந்தால் அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முகம் உப்பியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கின்றனவா, தோல் மெலிந்து லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். பல வாரமாகச் சாப்பிட்டு வந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம்வரை போகும். மாத்திரைப் பாக்கெட்டோடு ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பின்னாளில் எந்த ஆபரேஷன் செய்வதாக இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜெல் ஊசி என்பது ஹயலூரோனிக் அமிலம். குருத்தெலும்பு அதனால் திரும்ப வளராது. சிலருக்குச் சில மாதம் கொஞ்சம் இதமாக இருக்கலாம். பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலோ இதைப் போடவே வேண்டாம் என்கிறது. குளுக்கோசமைன் மாத்திரைக்கும் அங்கே அதே தீர்ப்பு. ஸ்டீராய்டு ஊசியை மூட்டுக்குள் போட்டால் வீக்கமும் வலியும் சில வாரங்களுக்கு அடங்கும். வீட்டில் விசேஷம், வெளியூர்ப் பயணம் என்றால் உதவும். ஒரே ஒரு கவனம்: அந்த ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றக் கூடாது, கிருமித் தொற்று அபாயம் கூடும். தேய்ந்த மூட்டைத் துளை போட்டுக் கழுவிவிடும் ஆர்த்ராஸ்கோபியால் பயனில்லை என்பது 2002-இலேயே பரிசோதித்துப் பார்த்த விஷயம். தோலைக் கீறிவிட்டு உள்ளே எதுவும் செய்யாமல் தைத்தவர்களுக்கும், நிஜமாகவே கழுவியவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் இருந்தது.

வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எடோரிகாக்ஸிப் எல்லாமே சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடியவை. வயிற்றுப்புண் பயம் தனி. மருந்துக் கடையில் "மூட்டு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். முழங்கால் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூட்டு என்பதால் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவுவதே பலருக்குப் போதும்.

திருநெல்வேலி வாசகர்: என் மனைவிக்கு 66 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ரோபோ வைத்துச் செய்தால் நல்லது, தங்க நிற மூட்டு 30 வருடம் வரும் என்று பாக்கேஜ் சொல்கிறார்கள். எதை நம்புவது?

மூட்டை மாற்றுவது என்றால் மூட்டை முழுதாக வெட்டி எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தொடை எலும்பின் அடி நுனியிலும் கால் எலும்பின் மேல் நுனியிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் சீவி எடுத்துவிட்டுக் கவசம் போடுகிறார்கள், பல்லுக்கு கேப் போடுவது போல. மேலே கோபால்ட் குரோமியம் உலோகம், கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலீன் பிளாஸ்டிக். எலும்போடு ஒட்ட போன் சிமென்ட். வருடக்கணக்கில் தேய்வது நடுவில் இருக்கும் அந்த பிளாஸ்டிக்தான். தங்க நிறம் என்பது உலோகத்தின் மேல் போடும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. நிக்கல் போன்ற உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் உண்டு. நிறத்துக்காக ஆயுள் கூடும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆயுளைப் பற்றி நம்பகமான கணக்கு இருக்கிறது. பல ஆண்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் 100-க்கு 82 மூட்டுகள் 25 ஆண்டைத் தாண்டி நிற்கின்றன. 66 வயதில் செய்துகொண்டால் பெரும்பாலும் மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. எலும்பை எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்பதைத் துல்லியமாகக் காட்டும், தவறினால் தடுக்கும். படத்தில் மூட்டு அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் வலியிலும் நடையிலும் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இதுவரை நிரூபணமாகவில்லை. கையில் கருவி பிடித்து வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் செய்கிற மருத்துவர் கிடைத்தால், ரோபோ இல்லையே என்று அவரை விட்டுவிடாதீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதில் ஒரே மயக்கம், ஒரே முறை ஆஸ்பத்திரிவாசம் என்ற வசதி உண்டு. ஆனால் ரத்த இழப்பு, இதயத்துக்கு வரும் சுமை, நுரையீரலில் ரத்தக் கட்டி போய் அடைக்கும் அபாயம் எல்லாம் கூடும். உங்கள் மனைவிக்கு இதய நோய், மூச்சிரைப்பு, கட்டுப்படாத சர்க்கரை, உடல் பருமன் இவற்றில் ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்வதே நல்லது. அதிகம் வலிக்கும் கால் முதலில். அது தேறிய பின் ஏறக்குறைய மூன்று மாதம் விட்டு அடுத்தது. முதல் கால் சரியானதும் "இன்னொண்ணு இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

செலவு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு தகவல். 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதுவரை ஒன்றரை லட்ச ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த சாதாரண கோபால்ட் குரோமியம் செட்டுக்கு 54,720 ரூபாய் என்றும், டைட்டானியம் அல்லது ஆக்ஸிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய் என்றும் நிர்ணயமானது, ஜி.எஸ்.டி. தனி. பிறகு சிறு திருத்தங்களோடு இந்த வரம்பு நீட்டிக்கப்பட்டது. அறை வாடகை, மருத்துவர் கட்டணம் இதில் சேராது. அதனால் பாக்கேஜ் தொகையை மட்டும் பார்க்காமல், மூட்டின் விலையைப் பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். மூட்டுப் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். அவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்துத் தேய்ந்த பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், உள்ளே இருப்பது எந்த மாடல் என்பதை அந்தச் சின்னக் காகிதம்தான் சொல்லும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் காத்திருப்புக் காலத்தைப் படித்துப் பாருங்கள். மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலும் குறைந்தது இரண்டு வருடம் போட்டிருப்பார்கள்.

சேலம் வாசகி: 20 வருடச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9.2. ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால் "சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வலி தாங்க முடியவில்லை. வேறு ஆஸ்பத்திரி போகலாமா?

போகாதீர்கள் அம்மா. திருப்பி அனுப்பிய மருத்துவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். மூட்டு மாற்றில் கிருமித் தொற்று 100 பேரில் ஒருவர் இருவருக்கு வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அது கூடும். சதையில் வரும் தொற்றை மாத்திரையால் ஆற்றிவிடலாம். உலோகத்தில் உட்கார்ந்த கிருமி தன்னைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் போகாது. கடைசியில் போட்ட மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்டை வைத்து, பல வாரம் ஊசி போட்டு, அப்புறம் புது மூட்டு வைக்க வேண்டி வரும். அந்த அவதியோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது ஒன்றுமே இல்லை. மூன்று மாதச் சராசரியை 7.5-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 8-க்கு மேல் இருந்தால் பலர் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

அந்த இடைவெளியில் செய்ய வேலை இருக்கிறது. சொத்தைப் பல்லையும் ஈறு வீக்கத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். கால் விரல் இடுக்குச் சேற்றுப்புண், பாதத்தில் ஆறாத புண், சிறுநீர் எரிச்சல் எதையும் விட்டுவைக்காதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் இரும்புச் சத்து மருந்தை இப்போதே தொடங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையும். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். முழங்காலில் பச்சிலைப் பற்றும் கொதிக்கும் ஒத்தடமும் வேண்டாம். அதில் கொப்புளம் கிளம்பினால் தோல் ஆறும்வரை தேதி தள்ளிப்போகும். முதல் நாள் வீட்டில் பிளேடு வைத்துக் கால் முடியை வழிக்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் சர்க்கரை அளவு நார்மலாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் நிறுத்த வேண்டி வரலாம். ஆனால் அதை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் குறிப்பாக.

நாகர்கோவில் வாசகர்: ஆபரேஷனுக்குப் பிறகு சம்மணம் போடலாமா?

கட்டிலில் எப்போதாவது போட வந்தால் போடலாம், தரையில் வேண்டாம். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை கண்டிப்பாகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வெஸ்டர்ன் டாய்லெட்டையும் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியையும் பொருத்தி வைத்துவிடுங்கள். வாக்கரோடு வீடு திரும்பிய பிறகு கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழனிக்குப் போனால் படியை விட்டுவிட்டு விஞ்சில் ஏறுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். முழங்கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. வலிக்கிறது என்று ராத்திரி முழுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார். தொட்டால் சுடுகிறது, வீக்கமும் வடியவில்லை. சீழ் பிடித்துவிட்டதா?

முதலில் தலையணையை எடுத்துவிடுங்கள். அது தரும் சுகத்தில் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகும். பிறகு கால் நேராகாது, நடக்கும்போது நொண்டும். நொண்டினால் தொடைச் சதையும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். தலையணை வைத்தே தீர வேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தானாகத் தாழட்டும். 10 நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. எல்லோரும் "எவ்வளவு மடங்குது" என்றுதான் கேட்பார்கள். முழுசாக நீள்கிறதா என்பதை நீங்கள் பாருங்கள்.

மடக்குவதற்கு வழுவழுப்பான தரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பாதத்துக்கு அடியில் துணி போட்டு, குதிகாலைப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். தாங்கும் வலியில் 10 எண்ணும்வரை நிறுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். பயிற்சிக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். வலிக்குப் பயந்து மாத்திரையையும் தவிர்த்து, பயிற்சியையும் தவிர்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு வாரத்தில் 90 டிகிரியைத் தொடுவதும், மூன்று மாதத்தில் 110-ஐத் தாண்டுவதும் வழக்கமான கணக்கு. உங்கள் அப்பா பின்தங்கியிருக்கிறார். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் மயக்கம் கொடுத்து, தழும்புத் திசுவை விடுவித்து, கையாலேயே மடக்கிவிட முடியும். அதற்கு மேல் போனால் அது கடினம்.

சூடும் வீக்கமும் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். மூட்டு மாற்றிய கால் மூன்று முதல் ஆறு மாதம் வரை மற்றதைவிடச் சூடாகத்தான் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவதும், நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருவதும் இயல்பே. ஆனால் ஆறிய தையல் மறுபடி கசிந்தாலோ, காய்ச்சல் நடுக்கம் வந்தாலோ, குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினாலோ அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் மூட்டு நீரைப் பரிசோதிக்கும்போது கிருமி சிக்காமல் போய்விடும். கெண்டைக்கால் கல்லாக வீங்கி வலிப்பது ரத்தக் கட்டியின் அறிகுறி. அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதுரை வாசகர்: வயது 38. ஆறு மாதமாக இடது முழங்கால் வலி. முழங்கால் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல். வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. கொரோனா சமயத்தில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முழங்காலை மாற்ற வேண்டி வருமா?

உங்கள் முழங்காலில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. இடுப்பு மூட்டின் வலி தொடை வழியாக முழங்காலில் தெரிவது மிகச் சாதாரணம். இரண்டுக்கும் ஒரே நரம்புக் கிளைகள் போகின்றன. ஒரு சோதனை: மல்லாந்து படுத்து இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள். வேறொருவர் உங்கள் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். அப்போது தொடை இடுக்கில் வலித்தால் இடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய மது இரண்டும் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து, எலும்பை உள்ளேயே சாகடிக்கும். இதை ஏ.வி.என். என்பார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கமும் சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டிருப்பது சகஜம்.

பந்து நசுங்கும் முன் கண்டுபிடித்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறது. நசுங்கிவிட்டால் மாற்றுவதுதான் வழி. இடுப்பு மாற்றில் 25 ஆண்டைத் தாண்டுபவை 100-க்கு 58. உங்கள் வயதில் வாழ்நாளில் இன்னொரு முறையும் தேவைப்படலாம் என்பதால் இருக்கிற எலும்பைக் காப்பாற்றப் பார்ப்பதே நல்லது. அதனால் மறுபடி முழங்காலைப் படம் எடுத்துக்கொண்டிருக்காமல், இந்த வாரமே இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதி வாங்குங்கள். படம் வரும்வரை வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வது, ஓடுவது, மூட்டை தூக்குவது வேண்டாம். தடி வலது கையில்.